பனிநிலை சரி, உறைபனி நிலை தவறு: கையடக்க ஈரப்பதமானி ஒன்றின் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூஜ்ஜியத்துக்கு மேலே இந்தக் கருவி காட்டும் பனிநிலையை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, தாராளமாக நம்பலாம். பூஜ்ஜியத்துக்குக் கீழே 'உறைபனி நிலை' (ஈரம் பனிக்கட்டியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) என்று அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், ஏனென்றால் அது உறைபனி நிலையே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. வாங்க நினைப்பவர்களும், ஏற்கனவே வாங்கிவிட்டவர்களும் ஒரே ராத்திரியில் சோதித்துப் பார்த்துவிடலாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கருவி என்னவென்றால், கைக்கு அடக்கமான டிஜிட்டல் ஈரப்பதமானி. மேல் முனையில் ஓட்டைகள் போட்ட சின்ன மூடிக்குள் சென்சார், கீழே திரை, மூன்று பட்டன்கள். வெப்பநிலையும் ஈரப்பதமும் எப்போதும் திரையில் இருக்கும், ஒரு பட்டனை அழுத்தினால் பனிநிலை வரும். பனிநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் திரையில் எழுத்து மாறி 'உறைபனி நிலை' என்று காட்டும். அந்த ஒரு வசதிக்காகவே இதை வாங்கினேன். இதே உடம்பு, இதே திரையோடு பல பெயர்களில் கருவிகள் விற்கின்றன, அதனால் பெயர் சொல்வதில் பயனில்லை. உங்களுடையதும் இதே ரகமா என்பது கடைசியில் சொல்லும் சோதனையில் தெரிந்துவிடும்.

எனக்கு எதற்கு இது? நான் இரவில் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கிறவன். முன்பக்கம் பெரிய கண்ணாடித் தட்டு உள்ள தொலைநோக்கி என்னுடையது. தெளிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்துக்கே இழந்துகொண்டிருக்கும், அதனால் சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். காற்றின் பனிநிலைக்குக் கீழே கண்ணாடி போன நொடியிலிருந்து ஈரம் படியத் தொடங்கும், அன்றைய வேலை அதோடு முடிந்தது. இதைத் தடுக்கக் கண்ணாடியின் ஓரத்தில் ஹீட்டர் பட்டை கட்டுவோம். ஆனால் சூடு கூடினால் கண்ணாடிக்கு முன்னால் காற்று அலைந்து நட்சத்திரங்கள் நடுங்க ஆரம்பிக்கும். ஆக, பனிநிலையைவிட ஒரு டிகிரிக்கு உள்ளே மட்டும் மேலே வைத்திருப்பதுதான் சாமர்த்தியம். அதற்குப் பனிநிலை சரியாகத் தெரிய வேண்டும். வண்ணம் பூசுகிறவர்களுக்கும் இதே கவலை உண்டு, பூசும் பரப்பு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வார்கள்.

சரி, கருவி என்ன கணக்குப் போடுகிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. இந்த மாதிரிக் கருவிகள் பனிநிலையை நேராக அளப்பதில்லை. வெப்பநிலையையும் ஒப்பு ஈரப்பதத்தையும் (அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை) அளந்து, மீதியைச் சூத்திரத்தில் போட்டு வரவழைக்கின்றன. அந்தச் சூத்திரத்தின் வடிவம் 1844இல் ஹைன்ரிஷ் குஸ்டாவ் மாக்னஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் தந்தது, அதிலுள்ள எண்களைப் பின்னால் வந்தவர்கள் திருத்திக்கொண்டே வந்தார்கள். இன்று பரவலாகப் பயன்படும் எண்களோடு அது இப்படி இருக்கும்:

அ = இயல் மடக்கை (ஈரப்பதம் ÷ 100) + (17.62 × வெப்பநிலை) ÷ (243.12 + வெப்பநிலை)

பனிநிலை = (243.12 × அ) ÷ (17.62 − அ)

அவ்வளவுதான். வெப்பநிலை செல்சியஸில், இயல் மடக்கை என்பது கால்குலேட்டரில் 'எல்என்' என்று இருக்கும் பட்டன். 30 டிகிரி, 70 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள்: அ 1.579 வரும், பனிநிலை 23.9. என் கருவியும் அங்கே 23.9 காட்டியது. 25 டிகிரி, 50 சதவீதத்துக்கு 13.9, அதுவும் பொருந்தியது. சில இடங்களில் 17.27, 237.7 என்ற பழைய எண்களைப் பார்ப்பீர்கள், அதைப் போட்டாலும் 30 டிகிரி, 70 சதவீதத்துக்கு அதே 23.9தான் வருகிறது, எனவே அதற்காகக் கவலைப்பட வேண்டாம். காற்றழுத்தத்தை எங்கே போடுவது என்று கேட்கிறவர்கள் உண்டு. வெப்பநிலையும் ஒப்பு ஈரப்பதமும் கையில் இருந்தால் இந்தக் கணக்குக்கு அழுத்தம் தேவையில்லை.

மனக்கணக்கு வேண்டுமென்றால் நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, ஐந்தால் வகுத்து, வருவதை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். 30 டிகிரி, 70 சதவீதத்துக்கு 24 வரும், கிட்டத்தட்டச் சரி. 50 சதவீதத்துக்கு மேலே ஈரம் இருக்கும்போது மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். 25 டிகிரி, 50 சதவீதத்திலேயே இது 15 என்று சொல்லி ஒரு டிகிரிக்கு மேல் தவறுகிறது, வறண்ட காற்றில் மோசமாகிவிடும்.

சூத்திரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே போகும் எண்களும் சரியாக இருக்க வேண்டும். அதற்கு உப்புச் சோதனை செய்தேன். சாதாரண உப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, முழுக்கக் கரையாமல் ஈர மணல் பதத்தில் சின்ன மூடியில் வைத்து, கருவியோடு சேர்த்து இறுக மூடும் ஜாடிக்குள் ஒரு ராத்திரி முழுக்க வைத்தேன். உள்ளே இருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். அறை கொஞ்சம் குளிர்ந்தாலும் சூடானாலும் அந்த எண் அநேகமாக மாறாது. என் கருவி காலையில் 74 காட்டியது. பெட்டியில் ±3 என்று போட்டிருக்கிறார்கள், அதற்குள் நன்றாகவே இருக்கிறது. மெக்னீசியம் குளோரைடு வைத்து அதே மாதிரி செய்தால் 33 வர வேண்டும், எனக்கு 35 வந்தது. இதுவும் வரம்புக்குள்தான்.

ஆனால் இந்த ±3 என்பது எல்லா இடத்திலும் ஒரே அளவு பாதிப்பதில்லை. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 25 டிகிரியில் 80 சதவீதம் என்றால் பனிநிலை 21.3. ஈரப்பதம் மூன்று சதவீதம் முன்னே பின்னே தவறினால் 20.7 முதல் 21.9 வரை போகும், பரவாயில்லை. அதே 25 டிகிரியில் காற்று வறண்டு 10 சதவீதம் மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். பனிநிலை மைனஸ் 8.8. அங்கே அதே மூன்று சதவீதம் தவறினால் மைனஸ் 13.3 முதல் மைனஸ் 5.4 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எட்டு டிகிரி இடைவெளி! மடக்கையின் குணம் அது. ஈரப்பதம் குறையக் குறையச் சின்னப் பிழையும் பெரிதாக விரியும். ஆக, வறண்ட காற்றில் இந்தக் கருவி பனிநிலையைத் தசமப் புள்ளியோடு காட்டுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எனக்கு ஈரமான இரவுகள்தான் முக்கியம், அதனால் இது குறையாகப் படவில்லை. காற்று வறண்ட பெட்டிகளில் லென்ஸையும் ஃபிலிமையும் பாதுகாக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

பயன்பாட்டில் நல்லது, கெட்டது இரண்டும் உண்டு. திரை இருட்டில் படிக்க முடிகிறது, பட்டன்கள் கையுறையோடு அழுத்த வருகின்றன. சென்சார் உடம்போடு ஒட்டியே இருப்பதால் அறைக்குள்ளிருந்து வெளியே எடுத்துப் போனதும் உடம்பின் சூடு இறங்க இருபது நிமிடமாவது ஆகிறது, அதுவரை காட்டும் எண்களைப் பொருட்படுத்தக் கூடாது. கையில் பிடித்துக்கொண்டு முகத்துக்கு அருகில் வைத்துப் படித்தால் மூச்சுக் காற்றின் ஈரத்தையும் சேர்த்து அளந்துவிடும். நான் முக்காலியின் ஒரு காலில் கட்டித் தொங்கவிட்டுவிட்டேன். சென்சார்மேலேயே ஈரம் படிந்துவிட்டால் அது 99இல் ஒட்டிக்கொண்டு நிற்கும், உலர்ந்து பழைய நிலைக்குத் திரும்ப ஒரு மணி நேரம் பிடித்தது. கடுங்குளிரில் திரை மெதுவாகிறது, பேட்டரியும் சீக்கிரம் சோர்கிறது. இதெல்லாம் இந்த வகைக் கருவிகளில் எதிர்பார்க்க வேண்டியவைதான்.

இலையுதிர் காலம் முழுக்க அருமையாக வேலை செய்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஓர் இரவு காற்று 12 டிகிரி, ஈரப்பதம் 88, கருவி பனிநிலை 10.1 என்றது. ஹீட்டரை அணைத்துவிட்டுக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த தனி வெப்பநிலை சென்சாரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். 10க்குக் கீழே இறங்கிய சில நிமிடங்களில் டார்ச் வெளிச்சத்தில் மெல்லிய பூச்சு தெரிந்தது. ஹீட்டரைப் போட்டு 11க்குக் கொண்டுவந்ததும் விலகிவிட்டது. சூத்திரத்தில் இருக்கும் ஒன்று கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் தனிதான். 1820இல் ஜான் ஃபிரெடரிக் டேனியல் ஈதரை ஆவியாக்கிக் கண்ணாடிக் குமிழைக் குளிரவைத்து, ஈரம் படியும் கணத்தில் வெப்பமானியைப் படித்துத்தான் பனிநிலையை அளந்தார். அந்த ராத்திரி நான் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

அப்புறம் குளிர்காலம் வந்தது.

காற்று மைனஸ் 4, ஈரப்பதம் 80. திரையில் உறைபனி நிலை மைனஸ் 6.9 என்று வந்தது. கண்ணாடியை மைனஸ் 6.4இல் நிறுத்தினேன், அரை டிகிரி இடைவெளி இருக்கிறதே என்ற தைரியம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க உறைபனி, ஓரத்திலிருந்து உள்ளே பரவிய வெள்ளைச் சொரசொரப்பு. அன்று படம் எடுக்க வைத்திருந்த நேரமெல்லாம் வீணாகப் போனது, உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. முதலில் சென்சார்மேல் சந்தேகப்பட்டேன், ஏனென்றால் இரண்டு சென்சார்களின் பிழையும் சேர்ந்தால் அரை டிகிரி என்பது ஒன்றுமே இல்லை. ஒரு ராத்திரியை வைத்து ஒரு கருவியைக் குறை சொல்வது நியாயமில்லை. அதே மாதிரி இன்னும் இரண்டு முறை நடந்த பிறகுதான் கணக்கைக் கையில் எடுத்தேன்.

விஷயம் இதுதான். பூஜ்ஜியத்துக்குக் கீழே தண்ணீர் உடனே உறைந்தே ஆக வேண்டும் என்பதில்லை, உறையாமல் திரவமாகவே வெகுதூரம் கீழே போக முடியும். அந்தத் திரவத்தின் மேலே இருக்கும் தெவிட்டிய (இனி ஏற்க முடியாத அளவுக்கு நிறைந்த) ஆவியின் அழுத்தம் வேறு, அதே வெப்பநிலையில் பனிக்கட்டியின் மேலே இருக்கும் அழுத்தம் வேறு. பனிக்கட்டியில் மூலக்கூறுகள் இன்னும் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் தப்பி வெளியே வருபவை குறைவு. மைனஸ் 10இல் திரவத்துக்கு 2.87 ஹெக்டோபாஸ்கல், பனிக்கட்டிக்கு 2.60. எனவே பனிக்கட்டியைப் பொறுத்தவரை காற்று சீக்கிரமே தெவிட்டிவிடுகிறது. அதாவது, காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் முதலில் வருவது உறைபனி நிலை, அதற்கும் கீழேதான் பனிநிலை. பூஜ்ஜியத்துக்குக் கீழே உறைபனி நிலை எப்போதும் பனிநிலையைவிட மேலே இருக்கும். பூஜ்ஜியத்தில் இரண்டும் ஒன்று, கீழே போகப் போக இடைவெளி கூடும்.

இன்னொரு சிக்கல், ஈரப்பதம் என்ற எண்ணே எதை வைத்துச் சொல்லப்படுகிறது என்பது. வானிலைத் துறையின் வழக்கப்படி பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் ஒப்பு ஈரப்பதம் திரவத் தண்ணீரை வைத்தே கணக்கிடப்படுகிறது, சென்சார்களும் அப்படியேதான் காட்டும். அதனால் மைனஸ் 10இல் சுற்றிலும் உறைபனி படிந்து சமநிலையில் இருக்கும் காற்று 100 காட்டாது, 90 அல்லது 91 காட்டும். மைனஸ் 20இல் 82தான். '82 சதவீதம்தானே, இன்னும் இடம் இருக்கிறது' என்று நினைத்தால் தவறு, அங்கே பனிக்கட்டியைப் பொறுத்தவரை இடமே இல்லை.

எனவே உறைபனி நிலைக்கு முதல் படியில் வந்த அதே 'அ'வை எடுத்து, இரண்டாம் படியில் மட்டும் பனிக்கட்டிக்குரிய எண்களைப் போட வேண்டும்:

உறைபனி நிலை = (272.62 × அ) ÷ (22.46 − அ)

என் அந்த இரவின் எண்களைப் போட்டுப் பார்த்தேன். அ மைனஸ் 0.518. திரவத் தண்ணீருக்கான எண்களில் மைனஸ் 6.9, பனிக்கட்டி எண்களில் மைனஸ் 6.1. கண்ணாடி மைனஸ் 6.4இல் இருந்தது. கருவி காட்டிய கணக்கில் அது பாதுகாப்பான இடம், உண்மையில் உறைபனி நிலைக்குக் கீழே. கருவி செய்தது இவ்வளவுதான்: பனிநிலையைக் கணக்கிட்டு, அது பூஜ்ஜியத்துக்குக் கீழே வந்ததும் பெயரை மட்டும் மாற்றிக் காட்டியது. கணக்கை மாற்றவில்லை.

இதை உறுதியாக நிரூபிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது, வீட்டு உறைபெட்டியே போதும். உங்கள் கருவி அந்தக் குளிரைத் தாங்குமா என்று குறிப்பேட்டில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள டப்பாவின் அடியில் பொடித்த பனிக்கட்டியைப் பரப்பி, அதைத் தொடாமல் ஒரு சின்னத் தாங்கியில் கருவியை வைத்து, மூடி, உறைபெட்டிக்குள் ஒரு ராத்திரி விட்டேன். உள்ளே காற்றும் பனிக்கட்டியும் ஒரே வெப்பநிலைக்கு வந்து சமநிலையில் நிற்கின்றன. அந்த நிலையில் உறைபனி நிலை என்பது காற்றின் வெப்பநிலையேதான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது. காலையில் திறந்த கையோடு, மூச்சுப் படாமல் படித்தேன்: வெப்பநிலை மைனஸ் 18.0, ஈரப்பதம் 84, 'உறைபனி நிலை' மைனஸ் 20.0.

இந்த மூன்று எண்களும் சேர்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. மைனஸ் 18இல் பனிக்கட்டியோடு சமநிலையில் இருக்கும் காற்றுக்கு 84 சதவீதம்தான் வர வேண்டும், ஆக சென்சார் கச்சிதம். மைனஸ் 18, 84 சதவீதத்துக்குத் திரவத் தண்ணீரின் பனிநிலை மைனஸ் 20.0தான், ஆக சூத்திரமும் தவறில்லை. மேலே எழுதியிருக்கும் பெயர்தான் தவறு. அங்கே மைனஸ் 18.0 என்று இருந்திருக்க வேண்டும்.

விற்றவர்களுக்கு எழுதினேன். பதில் வந்தது, மரியாதையாகவே வந்தது, ஆனால் உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்ற வழியில்லை என்றார்கள். ஏமாற்றம்தான். இரண்டு எண்களை மாற்றினால் தீரும் ஒன்று. பெட்டியில் பனிநிலை என்று மட்டும் போட்டிருந்தால் நான் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டேன். செய்யாத கணக்கைச் செய்ததாகத் திரையில் காட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் பெயரை நம்பித்தான் மனிதர்கள் முடிவெடுக்கிறார்கள். செடிகளை உறைபனியிலிருந்து மூடிக் காப்பவருக்கும், குளிர்கிடங்கில் சுருள்குழாய்களில் பனி ஏறுவதைக் கவனிக்கிறவருக்கும் அந்த ஒன்றிரண்டு டிகிரி பெரிய வித்தியாசம்.

குளிர்வித்த ஆடியில் ஈரம் படிவதை ஒளியால் கண்டுபிடித்து நேராக அளக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆய்வகங்களில் ஒப்பிட அவற்றைத்தான் வைத்திருப்பார்கள். அங்கேயும் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே ஆடியில் படிந்திருப்பது திரவமா பனிக்கட்டியா என்று பார்த்துத்தான் எண்ணை ஏற்றுக்கொள்ள வேண்டும். விஷயமே அப்படிப்பட்டது. அதைத் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் வைப்பதெல்லாம் தேவையில்லாதது.

அப்படியானால் வாங்கலாமா? பூஜ்ஜியத்துக்கு மேலே மட்டும் வேலை என்றால் வாங்குங்கள், ஐந்துக்கு நான்கு தருவேன், ஒன்றைக் குறைப்பது சூடு இறங்க எடுக்கும் அந்த இருபது நிமிடத்துக்காக. உறைபனிக்காக வாங்குவதாக இருந்தால் இரண்டுதான். விவரக் குறிப்பில் 'பனிக்கட்டியின் மேல்' என்று தனியாகச் சொல்லும் கருவியைத் தேடுங்கள், கிடைத்த பிறகும் டப்பா சோதனையைச் செய்துவிடுங்கள். வானிலை நிலையங்களோடு வரும் செயலிகளிலும் இதே பெயர் மாற்றம் இருக்க வாய்ப்புண்டு. காற்று மைனஸ் 10, ஈரப்பதம் 100 என்று போட்டுப் பாருங்கள், உறைபனி நிலை மைனஸ் 10 என்று சொன்னால் அது பெயரை மட்டும் மாற்றுகிறது, மைனஸ் 8.9 என்று சொன்னால் சரியாகக் கணக்கிடுகிறது. காற்றைவிட மேலே வருகிறதே என்று திகைக்க வேண்டாம், திரவத்தைப் பொறுத்துத் தெவிட்டிய காற்று பனிக்கட்டியைப் பொறுத்து அளவுக்கு மேலே தெவிட்டியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

நான் கருவியைத் திருப்பித் தரவில்லை. சென்சார் நல்ல சென்சார். அதன் முதுகில் ஒரு சின்னத் தாளை ஒட்டி வைத்திருக்கிறேன்: திரையில் மைனஸ் 5 என்றால் உண்மை மைனஸ் 4.4, மைனஸ் 10க்கு மைனஸ் 8.9, மைனஸ் 15க்கு மைனஸ் 13.4, மைனஸ் 20க்கு மைனஸ் 17.9, மைனஸ் 30க்கு மைனஸ் 27.1. தாள் இல்லாத நேரத்தில் திரை எண்ணை 0.9ஆல் பெருக்கிக்கொள்கிறேன், இந்த எல்லைக்குள் அதிகம் தவறுவதில்லை. போன வாரம் காற்று மைனஸ் 7, திரையில் மைனஸ் 10. கண்ணாடியை மைனஸ் 8.2இல் நிறுத்தினேன். விடியும்வரை ஒரு துகள்கூடப் படியவில்லை.